அப்புத்தளையில் பிறந்த கிற்றார்க்காரர்

இத்தொடரில் எனக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் வழக்கமாக ஒரு பழைய நூலைப் பற்றியோ ஒரு புலவரைப் பற்றியோ பேசுவேன். இன்று ஒரு கிற்றார்க்காரரைப் பற்றிப் பேசப் போகிறேன். தமிழ் வாத்தியாருக்கும் கிற்றாருக்கும் என்ன சம்பந்தம் என்று சில நேயர்கள் முகஞ்சுளிக்கக் கூடும். பழி என்னுடையதன்று. என் மாணவன் ஒருவனுடையது.

உயர்தர வகுப்பில் படிக்கும் பையன். தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் பதுளைக்கு வருபவன். கொழும்பில் கடையொன்றில் நிற்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்த பழைய கிற்றார் ஒன்று அவனிடம் இருக்கிறது. கலைவிழா ஒத்திகைக்காக அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். இடைவேளையில் என்னிடம் கேட்டான்:

"சேர், நம்ம மலையில கிற்றார் வாசிச்சுப் பேர் எடுத்த ஆளு ஒருத்தருமே இல்லீங்களா?"

"ஏன் இல்ல? அப்புத்தளையில பிறந்தவரு ஒருத்தர் இருக்காரு. கிளாரன்ஸ் விஜேவர்தன."

"அவரு சிங்கள ஆளுங்களே சேர்" என்றான்.

குரலில் வெறுப்பு இருக்கவில்லை. ஏமாற்றந்தான் இருந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்பில் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே சொல்ல முனைகிறேன்.

கிளாரன்ஸ் விஜேவர்தன 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆந் திகதி அப்புத்தளையில் பிறந்தவர். அந்த ஊரைக் காணாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், ஒரு மலைமுகட்டின் விளிம்பில் நிற்கும் சிறு பட்டினம் அது. மேகமில்லாத நாளில் தெற்கே பார்த்தால் சமவெளி முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மாலையானால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக் கடைத்தெருவை விழுங்கிவிடும். 1893இல் இரயில் பாதை அப்புத்தளைக்கு வந்தது. பதுளையை அது எட்டுவதற்கு 1924 ஆயிற்று. அப்புத்தளைக்கு அப்பால் தம்பேதன்னையில் தோமஸ் லிப்டன் 1890இல் தேயிலைத் தொழிற்சாலை எழுப்பினார். பட்டினத்தைச் சுற்றியுள்ள சரிவெல்லாம் தேயிலை, தேயிலைக்குள்ளே லயங்கள், லயங்களுக்குள்ளே தென்னிந்தியாவிலிருந்து கூலியாகக் கொண்டுவரப்பட்ட எங்கள் முன்னோர். சிங்கள இசையில் மின்கிற்றாருக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர் இத்தகைய ஊரிலே பிறந்தார் என்பது எங்கள் பாடநூல்களில் இல்லை. பாடநூலில் இடம்பெறக்கூடிய விடயமா என்று கேட்பீர்களானால், இடம்பெற வேண்டும் என்பதே என் கட்சி.

அவர் செய்தது என்னவென்று விளங்க, அவருக்கு முந்திய நிலையைச் சற்று அறியவேண்டும். ஐம்பதுகளில் வானொலியில் பாட விரும்பிய கலைஞர்களைத் தரம்பிரிக்க 1952இல் இந்தியாவிலிருந்து எஸ். என். ரத்தன்ஜன்கர் அழைக்கப்பட்டார். வட இந்திய இராகப் பயிற்சியே அளவுகோலாயிற்று. தமக்கென ஒரு சிங்களப் பாணியை வகுத்துக்கொண்டிருந்த சுனில் சாந்த அந்தத் தேர்வுக்கு நிற்க மறுத்தார். வானொலிக் கதவு அவருக்கு அடைபட்டது. இன்னொரு பக்கம் டபிள்யூ. டி. அமரதேவ போன்றோர் இராகத்தையும் கிராமியத்தையும் இணைத்து உயர்ந்ததோர் இசையை வளர்த்தனர். இவற்றுக்கெல்லாம் வெளியே, கடலோரத்தில், வொலி பஸ்டியனும் எம். எஸ். பெர்னாண்டோவும் பைலா பாடினர். அறுபதுகளின் தொடக்கத்தில் நெவில் பெர்னாண்டோவின் குழுவினரும் வேறு சிலரும் பெட்டிக் கிற்றார்களை வைத்துக்கொண்டு கலிப்சோ பாணியில் சேர்ந்து பாடினர். பண்டிதர் ஒருபுறம், கொண்டாட்டம் மறுபுறம். நடுவில் இருபது வயது இளைஞனுக்கு நிற்க இடமில்லை.

அப்போது வெளியுலகத்தில் ஒரு புதிய ஓசை புறப்பட்டிருந்தது. சாதாரணக் கிற்றாரில் மரப்பெட்டியே ஓசையைப் பெருக்கும். மின்கிற்றாரில் அந்த வேலையைக் காந்தம் செய்கிறது. உருக்குக் கம்பியின் கீழே காந்தத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள் இருக்கும். மேலே உள்ள கம்பி அதிரும்போது சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவார்கள். அமெரிக்காவில் முப்பதுகளிலேயே இது செய்யப்பட்டது என்றாலும், உலகத்து இளைஞரெல்லாம் அதன் பின்னால் ஓடியது 1960இல் இங்கிலாந்தின் 'ஷடோஸ்' குழு 'அப்பாச்சி' என்ற வாத்திய இசைத்தட்டை வெளியிட்ட பின்னரும், அதையடுத்து பீட்டில்ஸ் எழுந்த பின்னருமே. பாடகன் வாய்திறக்கு முன்னரே கிற்றார் ஒரு வாக்கியம் பேசிவிடும். அந்த வாக்கியத்தைக் கேட்டதுமே இன்ன பாட்டு என்று சொல்லிவிடலாம். எங்கள் யாழ் மறைந்து எத்தனையோ நூற்றாண்டு கழிந்து, 1947இல் விபுலாநந்த அடிகள் யாழ் நூலை எழுதி அதன் நரம்புகளைக் கணக்கிட்டுக் காட்டினார். அதே நாற்பதுகளில் பிறந்த தலைமுறை நரம்புக்குப் பதில் உருக்குக் கம்பியை மீட்டத் தொடங்கியது. இவ்விரண்டையும் ஒன்றாக நினைக்கும்போது எனக்கு ஒருவிதத் தலைச்சுற்றல் ஏற்படும். இருக்கட்டும்.

இளமையில் கிளாரன்ஸ் இரத்தினபுரிப் பக்கம் வந்து சேர்ந்தார். அங்கே அனஸ்லி மாலேவன என்ற நல்ல குரல் அவருக்குக் கிடைத்தது. 1966இல் 'மூன்ஸ்டோன்ஸ்' குழு பிறந்தது. மூன்ஸ்டோன் என்பது சந்திரகாந்தக் கல். நிலவு பட்டால் நீர் கசியும் என்று நம் காவியங்கள் வருணிக்கும் அதே கல்தான். மாணிக்கம் தோண்டும் ஊரில் பிறந்த குழுவுக்குப் பொருத்தமான பெயர். அறிவிப்பாளர் விஜய கொரெயா இவர்களை வானொலி வழியாக நாட்டுக்கு அறிமுகஞ் செய்தார். பின்னர் இந்திராணி பெரேராவின் குரலும் சேர்ந்தது. 'மங்கோ களு நெந்தே' முதலில் புகழ்பெற்ற பாட்டு. நெந்தே என்றால் அத்தை. பெரிய காதற் காவியமன்று. ஊரிலே நடமாடும் ஓர் அத்தையின் பெயரைச் சொல்லி, வீட்டில் பேசும் சிங்களத்திலே பாடிய பாட்டு. அதன் கீழே மின்கிற்றார்.

புதுமை இந்தச் சேர்க்கையில்தான் இருந்தது. மேல்நாட்டுப் பாட்டை ஆங்கிலத்திலேயே பாடி ஆடும் குழுக்கள் கொழும்பு விடுதிகளில் ஏற்கனவே இருந்தன. கிளாரன்ஸ் வாத்தியத்தை மேற்கிலிருந்து எடுத்தார்; மொழியைக் குசினியிலிருந்து எடுத்தார். பல பாட்டுக்களுக்குச் சொல்லும் மெட்டும் அவருடையவையே. மெட்டுக்கள் எளியவை, ஒருமுறை கேட்டால் இரண்டாம் முறை கூடவே முணுமுணுக்கலாம். எளிமையைக் குறைபாடாகக் காணும் பண்டிதர் மனம் எனக்கும் உண்டு. ஆனால் எளிதாக ஒன்றைச் செய்து அது அரை நூற்றாண்டு நிற்பதற்கு என்ன வேண்டும் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவருடைய கிற்றாரும் அப்படியே. விரல் வேகத்தைக் காட்டி மிரட்டுவதில்லை. பாட்டுக்கு முன்னால் வாசலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றுகொள்ளும்.

எழுபதுகளில் அவர் 'கோல்டன் சைம்ஸ்' என்றும் பின்னர் 'சூப்பர் கோல்டன் சைம்ஸ்' என்றும் குழுக்களை அமைத்தார். அனஸ்லியும் மீண்டும் வந்து இணைந்தார். எச். டி. பிரேமரத்ன இயக்கிய 'சிக்குருலியா' திரைப்படத்துக்கு 1975இலும் 'அபேக்ஷா'வுக்கு 1978இலும் இசையமைத்தார். பொப் பாடகன் என்று தள்ளிவைக்கப்பட்டவர் திரையிசைக்கும் வந்துவிட்டார். 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் கசெட் நாடா வந்தது. அவருடைய பாட்டுக்கள் பஸ்களுக்குள்ளும் தேநீர்க் கடைகளுக்குள்ளும் ஏறின. 1996 டிசம்பர் 13ஆந் திகதி, தமது 53ஆவது வயதில் அவர் காலமானார்.

இவ்வளவும் இசை வரலாறு. இனி என் வீட்டு வரலாற்றுக்கு வருகிறேன். அவ்விரண்டும் ஓரிடத்தில் தொட்டுக்கொள்கின்றன.

நான் பிறந்தது பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்து லயத்தில். அப்பா இளவட்டமாயிருந்தபோது தீவாளி அட்வான்ஸ் பணத்தில் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினாராம். அம்மா அதை இன்றுவரை ஒரு குற்றமாகவே சொல்வார்; அந்தத் தீவாளிக்கு வீட்டில் ஒருவருக்கும் புதுச்சேலை இல்லை. லயத்தில் மின்சாரம் கிடையாது. ஸ்டோரில் எந்திரம் ஓடும், துரை பங்களாவில் விளக்கெரியும், எங்களுக்குக் குப்பி லாம்பு. எங்கள் லயத்துக்கு மின்சாரம் வந்தபோது நான் சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். ஆக, மின்கிற்றார் எங்களிடம் வந்தது பற்றரி வழியாக. பற்றரி இறங்கினால் அப்பா அதை வெயிலில் காயவைப்பார். வெயிலில்லாத நாட்களில் அடுப்போரம். அப்படி உயிரூட்டிய பற்றரியில் இரண்டு பாட்டு வரும். மூன்றாவது பாட்டு பாதியில் இழுபடும்.

முள்ளை ஒரு பக்கம் திருப்பினால் தமிழ்ச் சேவை, சற்று நகர்த்தினால் சிங்களச் சேவை, இன்னும் நகர்த்தினால் ஆங்கிலம். இந்த நாட்டில் மூன்று மொழிகளும் ஒரு சாண் தூரத்தில் இருந்த ஓரிடம் அந்தக் கண்ணாடித் தகடுதான். காலைப் பெரட்டுக்குப் போகுமுன் தமிழ்ச் சேவை. இரவில், சோறு வேகும் நேரத்தில், அப்பாவின் விரல் தானாகவே சிங்களச் சேவைக்குப் போகும். அவருக்குச் சிங்களம் கடைக்குப் போய்வருமளவுக்குத் தெரியும். பாட்டு முழுவதும் விளங்கியதா என்று கேட்டால், "கிற்றார் விளங்கிச்சே" என்பார்.

அந்தப் பாட்டுக்கள் வானொலியில் பூத்த ஆண்டுகள் எங்களுக்கு என்ன ஆண்டுகள் என்பதையும் சொல்லவேண்டும். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்களை எண்களாகப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவது. அந்த மீதியை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967இல் வந்தது. மூன்ஸ்டோன்ஸின் பாட்டு நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கிய அதே காலத்தில், எங்கள் மலைகளிலிருந்து கோச்சிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போகத் தொடங்கின. அங்கிருந்து இராமானுஜம் கப்பல், அப்பால் இராமேஸ்வரம்.

1972இல் எங்கள் சின்னத்தாத்தாவின் குடும்பம் போயிற்று. அப்புத்தளை ஸ்டேஷனில் அப்பா அவர்களை வழியனுப்பினார். அவர்கள் நீலகிரியில் போய்ச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்காகவென்று தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். தேயிலையிலிருந்து புறப்பட்டுத் தேயிலைக்கே போனார்கள். சின்னப்பாட்டி தம் பெட்டியில் எதை வைத்தார், எதை விட்டுப்போனார் என்று அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். அம்மி ஒன்று எங்கள் வாசலில் கிடந்தது. அது அவர்களுடையது.

அந்தக் கோச்சியின் ஓசை அக்காலத்துப் பொப் இசைத்தட்டுகளில் ஏறவில்லை. இதை நான் கிளாரன்ஸின்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. இருபத்து மூன்று வயதுக் கிற்றார்க்காரனிடம் ஓர் ஒப்பந்தத்தின் கணக்கைக் கேட்பது நியாயமன்று. மலையகத்து மேடைகளில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் நாற்பதுகளிலேயே எங்கள் துயரைப் பாடிவிட்டார். அந்த வேலை எங்களுடையது, அதை எங்களவர் செய்தார்கள். ஆயினும் ஒரே மலையில் இரண்டு வாழ்க்கைகள் ஒன்றையொன்று கேட்காமல் ஓடியிருக்கின்றன என்பதை வரலாறு எழுதுபவன் எழுதாமல் விடமுடியாது. கேட்காமல் என்றேன்; அது முற்றிலும் சரியன்று. நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

1983 ஜூலை 27, புதன்கிழமை. பதுளை நகரம் எரிந்தது. எனக்கு மூன்று வயது. நினைவில் ஒன்றுமில்லை, எல்லாம் பின்னர் கேட்டவை. பட்டினத்துக் கடையொன்றில் கணக்கெழுதிய என் மாமா உடுத்த சாரத்தோடு இரண்டு நாள் நடந்து எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்தில் எங்களவர் இரவுகளைத் தேயிலைக்குள் கழித்தார்கள். குழந்தை அழுதால் வாயைப் பொத்த வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்களாம். அந்தக் குழந்தை நான்.

அதற்குப் பின் அப்பா சிங்களச் சேவைக்கு முள்ளைத் திருப்பவில்லை. ஒருவரும் தடுக்கவில்லை, அவரும் சபதம் செய்யவில்லை. திருப்பவில்லை, அவ்வளவுதான். ஓராண்டுக்கு மேலாயிற்று என்கிறார் அம்மா. பிறகு ஒருநாள் இரவு, தமிழ்ச் சேவை முடிந்து இரைச்சல் வந்தபோது அவர் கை பழைய பக்கம் போயிற்று. கிற்றார் வந்தது. மாமா அப்போதும் எங்களோடுதான் இருந்தார், அதே அறையில். அப்பா நிறுத்தவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார். மாமா ஒன்றுஞ் சொல்லாமல் எழுந்து வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். பாட்டு முடிந்த பிறகு உள்ளே வந்தார். அந்த இரவைப் பற்றி அவர்கள் இருவரும் பிறகு பேசியதேயில்லை. எனக்கு இதைச் சொன்னவர் அம்மா.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருகிறேன். நம்ம ஆளு யார்? தமிழில் கிற்றாரோடு பாடியவர்கள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து நித்தி கனகரத்தினம் வந்தார். 'சின்ன மாமியே' என்று தொடங்கும் அவருடைய பாட்டைத் தெரியாத ஈழத்தமிழர் குறைவு. திருகோணமலை எம். பி. பரமேஷ் கிற்றாரும் கையுமாக மெல்லிசை பாடினார். 2018இல் சென்னையில் காலமான ஏ. ஈ. மனோகரன், மீன் விற்கிற ஒரு பைலாவைச் சிங்களமும் தமிழுமாகப் பாடி, 'சுராங்கனி' என்ற பெயரைத் தமிழ்நாட்டுக் கல்யாணப் பந்தல்வரை கொண்டுபோனார். இவர்களைப் பொப்பிசையின் முன்னோடிகள் என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். சொல்லவேண்டியதுதான். ஆனால் இவர்களில் ஒருவரும் எங்கள் மலைக்காரர் அல்லர். மொழியால் அளந்தால் யாழ்ப்பாணத்தார் நம்மவர், அப்புத்தளைக்காரர் அந்நியர். மண்ணால் அளந்தால் மறுதலை. பையன் 'நம்ம மலையில' என்று மண்ணால் கேள்வியைத் தொடங்கி, பதிலை மொழியால் மறுத்தான். அளவுகோல் பாதிவழியில் மாறியது அவனுக்குத் தெரியவில்லை. அவனை நான் குறைசொல்லவில்லை. எங்கள் வரலாற்று நூல்கள் இரு தரப்பிலும் அதையே செய்கின்றன. சிங்கள இசை வரலாறு அப்புத்தளையைப் பிறந்த ஊர் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அந்த மலையில் வேறு யார் இருந்தார்கள் என்று பாராமல் நகர்கிறது. மலையக வரலாறு தப்பையும் காமன்கூத்தையும் பதிவு செய்கிறது, நியாயம். ஆனால் லயத்துக்குள் மாலைதோறும் ஒலித்த டிரான்சிஸ்டரில் என்ன கேட்டது என்பதைப் பதிவு செய்வதில்லை. வாசித்தது மட்டுமே வரலாறு, கேட்டது வரலாறாகாது என்று யார் சொன்னது?

அடுத்த வாரம் பையனை அழைத்து இவற்றில் கொஞ்சம் சொன்னேன். 1983ஐச் சொல்லவில்லை, அது அவனுக்குத் தன் வீட்டில் தெரிந்திருக்கும். அவன் கைத்தொலைபேசியில் பழைய மூன்ஸ்டோன்ஸ் பாட்டொன்றைத் தேடியெடுத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான். பிறகு தொடக்கத்திலுள்ள கிற்றார் வாக்கியத்தைத் தன் கிற்றாரில் தேடினான். மூன்றாம் முறையில் ஏறத்தாழ வந்துவிட்டது. "லேசு தான் சேர்" என்றான். "லேசா?" என்றேன். மறுபடி வாசித்தான். இம்முறை தவறிற்று.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அப்பாவிடமும் சொன்னேன். அவருக்கு இப்போது எழுபத்தைந்து நடக்கிறது. காது சற்று மந்தம். கிளாரன்ஸ் விஜேவர்தன அப்புத்தளையில் பிறந்தவர் என்பது, இத்தனை காலம் அவர் பாட்டைக் கேட்டிருந்தும், அப்பாவுக்குத் தெரியாது. இரண்டு முறை உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. விளங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புத்தளையா?" என்றார். "எந்தத் தோட்டம்?"